இடப்பக்கப் பெடல்

எனக்கு மரை தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பா கோவை கணபதியில் லேத் ஓட்டியவர். பெரும்பாலும் பம்ப்செட் உதிரிபாகங்கள். பள்ளிக்கூடம் விட்டால் நான் பட்டறையில்தான் கிடப்பேன். மற்ற வேலையின்போது தள்ளி நிற்கச் சொல்பவர், மரை வெட்டும்போது மட்டும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். சக்கில் தண்டு சுற்றும். அறுபது டிகிரிக்குச் சாணை பிடித்த டூல் முதல் ஓட்டத்தில் மெல்லிய கோடு ஒன்றை மட்டும் போடும். உடனே மெஷினை நிறுத்தி, மரை கேஜை அந்தக் கோட்டின்மேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து பார்ப்பார். கேஜின் பல்லுக்கும் கோட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. சரியென்றால்தான் அடுத்த ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் துளி ஆழம் கூட்டி, சோப்பு ஆயில் ஊற்றி, பல ஓட்டத்தில் மரை எழும்பி வரும். முடிந்ததும் நட்டு ஒன்றை எடுத்து இரண்டு விரலால் ஏற்றிப் பார்ப்பார். "விரலுக்கு ஏறாத மரை ஸ்பேனருக்கும் ஏறப்படாது கண்ணு" என்பார். ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

அவரிடம் பிஸ்கட் டப்பா நிறைய பழைய போல்ட்டுகள் இருந்தன. ஒருநாள் அதிலிருந்து அரை அங்குல போல்ட் இரண்டைப் பொறுக்கிக் கொடுத்து, ஒரே நட்டை இரண்டிலும் ஏற்றச் சொன்னார். ஒன்று பிரிட்டிஷ் விட்வொர்த், அங்குலத்துக்கு 12 மரை. மற்றது அமெரிக்க யு.என்.சி., அங்குலத்துக்கு 13. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விட்வொர்த் நட்டு விட்வொர்த் போல்ட்டில் கடைசிவரை வழுக்கிக்கொண்டு போயிற்று. மற்றதில் தொடக்கத்தில் ஏறுவதுபோல ஏறி, பிறகு இறுகியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு திருகப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார். "இறுகுதுன்னா அது என்னமோ சொல்லுதுன்னு அர்த்தம். என்னன்னு கேக்காம முடுக்குனா ரெண்டும் போயிரும்." 1841-இல் ஜோசப் விட்வொர்த் ஒரு பொது அளவை முன்வைக்கும்வரை இங்கிலாந்தில் பட்டறைக்கொரு மரை இருந்தது என்பதையும், ஒருவர் செய்த போல்ட் இன்னொருவர் நட்டில் ஏறாது என்பதையும் நான் பிற்காலத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பா படித்ததில்லை. அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

நான் லேத்துக்குப் போகவில்லை. கணக்கு படித்து அலுவலக வேலைக்குப் போனேன். ஆனால் வீட்டில் எது கழன்றாலும் நானே பூட்டுவேன். லேத்காரர் மகன் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது. அக்கா வீட்டில் மிக்ஸி, குழாய், கேட், எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "மாமா பாத்துக்குவாங்க" என்று அக்கா மகன் சொல்லும்போது எனக்குள் ஏற்பட்ட பெருமையை மறைக்க விரும்பவில்லை. பின்னால் நடந்ததற்கு அந்தப் பெருமையும் காரணம்.

அவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கியர் சைக்கிள் வைத்திருந்தான். அதனோடு வந்த பிளாஸ்டிக் பெடல் தேய்ந்து, மழை நாளில் செருப்பு வழுக்கியது. அலுமினிய உடம்பும் எஃகுத் தண்டும் சீல்டு பேரிங்கும் உள்ள பெடல் ஜோடி ஒன்றை, அவன் ஆசைப்பட்டான் என்று நானே வாங்கி வந்தேன். பூட்டுவதற்கு முன் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அப்பா எனக்குச் சொன்னதுபோல நானும் சொல்லிக்கொடுத்தேன். வலப்பக்கப் பெடலுக்குச் சாதாரண மரை, இடப்பக்கத்துக்கு எதிர்மரை. தண்டின் முனையில் ஆர், எல் என்று பொறித்திருப்பார்கள். ஏன் எதிர்மரை என்று கேட்டான். ஒரு பென்சிலை முஷ்டிக்குள் தளர்வாகப் பிடிக்கச் சொல்லி, அதன் நுனியை என் விரலால் வட்டமாகச் சுற்றிக் காட்டினேன். நுனி ஒரு திசையில் சுற்ற, முஷ்டிக்குள் பென்சில் தானாக எதிர்த்திசையில் உருளும். மிதிக்கும்போது பெடல் தண்டுக்கும் கிராங்க் துளைக்குள் இதுதான் நடக்கிறது. சுமை துளையின் சுவரைச் சுற்றி வரவர, தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு எதிர்ப்புறம் உருளப் பார்க்கும். இரண்டு பக்கமும் சாதாரண மரையே இருந்தால் இடப்பக்கப் பெடல் ஓட்ட ஓட்டக் கழன்றுவிடும். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள், கழன்று விழாத பெடல் என்று 1900-இல் அவர்கள் அறிவித்தது இந்த எதிர்மரைப் பெடலைத்தான் என்றும் சொன்னேன். பையன் கண் விரியக் கேட்டான்.

இவ்வளவும் சொன்ன கைதான் அடுத்த அரைமணிக்குள் அந்த மரையைக் கெடுத்தது.

வலப்பக்கம் ஒழுங்காக ஏறியது. விரலாலேயே பாதிக்குமேல் போயிற்று. இடப்பக்கம் சுவர் ஓரம் இருந்தது. சைக்கிளைத் திருப்பி வைத்திருக்க வேண்டும். இருட்டத் தொடங்கியிருந்தது, கேட்டுக்கு வெளியே அவன் சிநேகிதர்கள் காத்திருந்தார்கள், நான் திருப்பவில்லை. சுவருக்கும் சைக்கிளுக்கும் நடுவே கையை நுழைத்து, துளை கண்ணுக்கு நேராகத் தெரியாமலே தண்டை வைத்துத் திருகினேன். கிரீஸ் டப்பா மாடியில் இருந்தது. எடுத்துவரப் போகவில்லை. முக்கால் சுற்று போனதும் இறுகியது.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் ஒன்றுமே கெட்டிருக்காது. பெடலைக் கழற்றி, பழைய பல்துலக்கும் பிரஷால் துளையைத் துடைத்து, கிரீஸ் தடவி, தண்டை நேராக வைத்து முதலில் பூட்டும் திசைக்கு எதிரே மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு இடத்தில் மரை மரைக்குள் 'டக்'கென்று இறங்குவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து பூட்டும் திசையில் திருப்பினால் பெரும்பாலும் தானாக ஏறிக்கொள்ளும். அப்போதும் ஏறாவிட்டால், எதிர்மரை டேப் வைத்திருக்கிற கடையில் கொடுத்து ஒரு ஓட்டு ஓட்டி வாங்கலாம். இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும்.

புதுச் சாமான், இறுக்கமாகத்தான் இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தேன். பெடல் தண்டு எஃகு, கிராங்க் அலுமினியம். தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளில் காட்டர்பின் போட்ட கிராங்கும் எஃகுதான். அங்கே கோணலாக வைத்து முடுக்கினால் எஃகு எஃகை எதிர்த்து நிற்கும், நமக்கும் புத்தி வரும். அலுமினியம் எதிர்க்காது. பெடலை முடுக்கி முடிக்கச் சுமார் 35 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். இருபது சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில் பதினெட்டுக் கிலோ பாரம் வைத்ததற்குச் சமம். அதுவும் தண்டின் கழுத்து கிராங்கில் போய் உட்கார்ந்த பிறகு, கடைசி இறுக்கத்துக்கு மட்டும். நான் பாதி வழியிலேயே அதைத் தாண்டினேன். ஸ்பேனர் போதாமல் ஜி.ஐ. பைப் துண்டு ஒன்றை அதில் சொருகி நீளம் கூட்டினேன்.

துளையின் விளிம்பில் வெள்ளையாகச் சுருள் வந்தது. நகத்தின் வெட்டுத்துண்டு அளவுக்குச் சிறியது. அதைப் பார்த்தேன். அது என்ன என்று எனக்குத் தெரியும். கிராங்கின் மரை தன் பாதையிலிருந்து அறுந்து, எஃகுத் தண்டு தனக்கென்று ஒரு கோணல் பாதையை வெட்டிக்கொண்டு போகிறது. அந்த மரை அங்குலத்துக்கு இருபது, இடைவெளி ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அவ்வளவு நெருக்கமான பற்களைக் குறுக்கே அறுத்தால் மிஞ்சுவது பல் அல்ல, தகடு. சுருளைப் பனியன் துணியால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, கடைசிவரை முடுக்கினேன்.

பையன் ஏறி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தான். "மாமா, இடது பெடல் கோணலா இருக்குதுங்க. கால்ல ஒரு மாதிரி தெரியுது" என்றான்.

"ஓட்ட ஓட்டச் சரியாயிரும்" என்றேன்.

அந்த வாக்கியத்துக்கு எந்தச் சமாதானமும் இல்லை. மரையைக் கெடுத்ததை அவசரம் என்று சொல்லலாம், யாருக்கும் நேர்வது என்று சொல்லலாம். இது பொய். பதினான்கு வயதுப் பையன் தன் காலால் உணர்ந்து சரியாகச் சொன்னான். அவனைவிட எனக்குத் தெரியும் என்ற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவன் உணர்ந்தது தவறு என்று நம்பவைத்தேன். புதுக் கிராங்க் ஒன்றுக்கு ஆகும் செலவை நினைத்து அல்ல. அவன் முன்னால் கைதவறியவனாக நிற்க எனக்கு மனசு வரவில்லை.

பெடல் தண்டின் மேல் விழும் சுமை நேராக இறங்குவதில்லை. கால் மிதிக்கும் இடம் கிராங்கிலிருந்து சில அங்குலம் வெளியே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு மிதியும் தண்டை நெம்புகிறது. நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு 3,600 நெம்பு. நல்ல மரை அதை எத்தனை வருஷமானாலும் தாங்கும். நான் விட்டுவைத்த தகடுகள் வாரக்கணக்கில் தாங்கின. நடுவில் பிரேக் கட்டை மாற்றவும் செயினுக்கு எண்ணெய் போடவும் சைக்கிள் தெருமுனைக் கடைக்குப் போய் வந்தது. பிறகு ஒரு மாலை, மேம்பால ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது இடது பெடல் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவன் முழு எடையும் அந்தக் காலில் இருந்தது. இடப்பக்கமாக ரோட்டில் விழுந்தான். பின்னால் வந்த வேன்காரர் பிரேக் போட்டு நிறுத்தினார். அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கு நாங்கள் காலமெல்லாம் கடன்பட்டிருக்கிறோம்.

இடது காறை எலும்பு முறிந்திருந்தது. ஆப்பரேஷன் வேண்டியதில்லை, கையைத் தூக்குக் கட்டில் போட்டு வைத்தால் கூடிவிடும் என்றார்கள். கூடிவிட்டது. அந்த வருஷம் பள்ளி வாலிபால் அணிக்கு ஆள் எடுத்தபோது அவன் கட்டோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் கேட்டார், "பெடல் எப்படிங்க மாப்ள கழலும்?" நான் ஒரு கணம் பேசாமல் இருந்தேன். அந்தக் கணத்தில் உண்மை என் நாக்கில் இருந்தது. "போன வாரம் கடையில சர்வீஸ் விட்டமில்லீங்களா மச்சான். கழட்டிப் பூட்டுனதுல சரியா முடுக்காம விட்டிருப்பாங்க" என்றேன்.

மறுநாள் மச்சான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனார். கூட நானும் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். அந்தத் தெருமுனையில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பஞ்சர் ஒட்டி, வீல் கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றிப் பிழைப்பவர். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னால் மச்சான் கத்தினார். கேட்கக்கூடாத வார்த்தைகள் வந்தன. அவர் பதிலுக்குக் கத்தவில்லை. கிராங்கைக் கையில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, துளைக்குள் பார்த்தார். பிறகு பெடல் தண்டைப் பார்த்தார். அதன் எஃகு மரைக்குள் அலுமினியம் சாய்வாக அப்பிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டதுபோல் அத்தனை தெளிவு. முடுக்காமல் விட்ட பெடல் கழன்றால் மரை அப்படி இருக்காது. தொழில் தெரிந்த யாரும் ஒரு பார்வையில் சொல்லிவிடலாம்.

"இது கோணல்ல ஏத்துன மரைங்க. நான் பெடல்ல கையே வைக்கலீங்க" என்றார். சொல்லிவிட்டு மச்சானைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என் அப்பாவை அவருக்குத் தெரியும்.

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. தெருவில் விசாரித்தவர்களிடமெல்லாம் அதே கதையைச் சொன்னேன். பையன் விழுந்தது பெரிய செய்தியாகிவிட்டதால் நிறையப் பேர் விசாரித்தார்கள். லேத்காரர் மகன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்கள். பக்கத்து வீட்டார் தங்கள் சைக்கிளை வேறு கடைக்கு எடுத்துப் போனார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை அந்தக் கடையில் விடுவது குறைந்ததை நான் போகவர என் கண்ணால் பார்த்தேன். கைத்தொழில்காரருக்கு முதல் என்று இருப்பது பெயர் ஒன்றுதான். என் அப்பா அப்படிப்பட்ட பெயரில்தான் எனக்குச் சோறு போட்டார், பீஸ் கட்டினார். அதே மாதிரி இன்னொருவர் சேர்த்துவைத்த பெயரை நான் எடுத்து என் தவறின் மேல் போர்த்திக்கொண்டேன். மரை ஒன்றைக் கெடுத்ததற்காக நான் இதை எழுதவில்லை. இதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவ்வப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும். இப்போது சொன்னால் அக்கா என்ன நினைப்பாள், மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது என்று தள்ளிப்போடுவேன். தள்ளிப்போடப் போட, சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. பையன் பத்து முடித்து, பதினொன்று முடித்தான். ஒருநாள் அவன் தன் சிநேகிதனிடம் அந்தக் கடையைக் காட்டி, "அங்க விடாதடா, ஒழுங்கா முடுக்கமாட்டாங்க. எனக்கு அதனாலதான் எலும்பு ஒடஞ்சுது" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் கொடுத்த பொய்யை உண்மை என்று நம்பி, நல்லெண்ணத்தோடு இன்னொருவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அன்று இரவு அக்கா வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். பைப் சொருகியதையும், சுருளைத் துடைத்துப் பையில் போட்டதையும், அவன் கோணல் என்று சொன்னபோது நான் சொன்ன பதிலையும் விடாமல் சொன்னேன். அக்கா அழுதாள். மச்சான் எழுந்து வெளியே போய்விட்டார். இன்றுவரை என்னோடு அளந்துதான் பேசுகிறார், அது நியாயம். பையன் மட்டும் ஒன்று கேட்டான். "நான் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுங்களா மாமா?" தெரியும் என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

காலையில் கடைக்குப் போனேன். அவர் ஸ்டாண்டில் வீல் மாட்டிக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று சொன்னேன். ஸ்போக் நிப்பிள் ஒன்றைக் கால் சுற்றுத் திருப்பி, வீலைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கே தெரியுமுங்க தம்பி. எங்கிட்ட வந்து சொன்னது சரி. ஆனா என்னைத் திட்டுனது இத்தன பேரு முன்னால. சொல்றதுன்னா அவங்க முன்னால சொல்லுங்க." கோபமாகச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

அன்று கடையில் நின்றவர்களில் எனக்குத் தெரிந்தவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தேன். சிலர் சங்கடப்பட்டு, போனது போகட்டும் என்றார்கள். ஒருவர் முகத்துக்கு நேராகவே, லேத்காரர் பெயரைக் கெடுத்துவிட்டாய் என்றார். இரண்டு பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள். நான் சொன்னதைக் கேட்டு இன்னும் எத்தனை பேர், எங்கெங்கே, யார்யாரிடம் சொன்னார்கள் என்பதை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பத்திரிகையில் எழுதுவது அதனால்தான்.

கணபதியில் எங்கள் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும், இப்போது குடியிருப்பவர்களுக்கும் சொல்கிறேன். தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் அந்தப் பெடலைத் தொடவில்லை. அவர் அன்று செய்தது பிரேக் கட்டையும் செயின் எண்ணெயும் மட்டும், இரண்டையும் ஒழுங்காகச் செய்திருந்தார். என் பேச்சைக் கேட்டு அவரை விட்டுப் போனவர்கள் தயவுசெய்து திரும்பிப் போங்கள். காலை எட்டு மணிக்குக் கடை திறக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை உண்டு.